கடைசியாக எழும்பும் சஹன்

மச்சி,

போன வெள்ளிக்கிழமை நிந்தவூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும் நேரம் பார்த்து என் கைப்பையின் சிப் பிய்ந்துவிட்டது. வாசலில் ஓட்டோ ஹோன் அடித்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் அலுமாரியைத் திறந்து உன் கறுப்புக் கைப்பையை இழுத்தெடுத்தேன். நீ மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு உன் கூடப்பிறந்த காக்காவின் மனைவி என்னிடம் தந்த பை அது. பத்து மாதமாக நான் அதைத் திறக்கவில்லை. திறந்ததும் கராம்பு வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது.

பல் வலிக்கும்போது வாய்க்குள் அடக்கிக்கொள்ள நீ காகிதத்தில் மடித்து வைத்திருந்த நாலைந்து கராம்பு அப்படியே இருந்தது. அதற்கு அடியில் நீலப் பிடி போட்ட அந்தச் சின்னக் கத்தரிக்கோல். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஓட்டோக்காரர் இன்னும் இரண்டு தடவை ஹோன் அடித்தார். எதற்கும் பொறுமை இல்லாதவள் என்று நீ என்னைச் சொல்வாயே, அவளேதான் அன்று ஓட்டோவைக் காக்க வைத்தாள்.

நீ என் மாமியின் மகள், என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். சாய்ந்தமருதில் ஒரே ஒழுங்கையில் எதிரெதிர் வீடுகளில் வளர்ந்தோம். பிறக்கும்போதே உன் எலும்புகள் இலகுவில் முறியும் எலும்புகள். மற்றப் பிள்ளைகள் விழுந்தால் முழங்கால் உரியும், நீ விழுந்தால் ஆஸ்பத்திரி. எட்டு வயதுக்குப் பிறகு முறிவுகளை எண்ணுவதை மாமியே விட்டுவிட்டார். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று உன் காக்கா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அவர் இறுக்கிப் பிடித்த பிடியில் இரண்டு விலா எலும்பு முறிந்தது. "கடல் எனக்கு ஒண்டும் செய்யல்ல, காக்காதான் முறிச்சாரு" என்று அதற்குப் பிறகு எத்தனை வருடம் அவரைக் கேலி செய்தாய்! அவரும் ஒவ்வொரு தடவையும் முகம் சிவந்து எழுந்து போவார்.

உன் எலும்பைப் பற்றி ஊரே கதைத்தது. உன் பல்லைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நானுந்தான். சாயம் குறைந்த பிளேன்டீயின் நிறத்தில், வெளிச்சம் பட்டால் கொஞ்சம் சாம்பலாகத் தெரியும் பற்கள் உனக்கு. பளபளப்பான மேற்பகுதி சின்னச் சின்னதாகத் தெறித்து விழும். பிறகு மிஞ்சியது தேய்ந்துகொண்டே போகும். கீழ்த்தாடை சற்று முன்னுக்கு வந்திருந்ததால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒழுங்காகப் பொருந்தவும் இல்லை. மாமி உமிக்கரி போட்டுத் தேய்க்கச் சொன்னார், உப்பால் தேய்க்கச் சொன்னார். நீ ஒரு நாளைக்கு நாலு தரம் தேய்த்தாய். தேய்க்கத் தேய்க்கத் தேய்ந்ததே தவிர வெளுக்கவில்லை.

பிரதேச செயலகத்தில் உனக்கு வேலை கிடைத்த முதல் மாதம், விண்ணப்பம் கொடுக்க வந்த ஒரு பெண் உன் வாயைப் பார்த்துவிட்டு, "இந்த வயசிலேயே வெத்திலயா புள்ள? விட்டுடு, கூடாது" என்று அக்கறையாகப் புத்தி சொன்னாராம். ஒரு நாளும் வெற்றிலை வாயில் வைக்காதவள் நீ. "ஓம் உம்மா, உட்டுடுறன்" என்று தலையாட்டிவிட்டு அன்றிலிருந்து முந்தானைத் தலைப்பை வாய்க்குக் குறுக்கே பிடிக்கத் தொடங்கினாய். அதன் பிறகு உன் சிரிப்பு கண்ணிலும் தோளிலும் மட்டும்தான். கவுண்டரில் இருக்கும் அந்தக் கட்டைப் பிள்ளைக்குத் தலைக்கனம், முகம் கொடுத்துச் சிரிக்காது என்று ஊரில் பெயர் வந்தது. எனக்கு அது தெரிந்தும் நான் யாரையும் திருத்தவில்லை. சிரிக்காததற்குக் காரணம் சொல்லப் போனால் பல்லைப் பற்றிச் சொல்லவேண்டி வருமே என்று பேசாமல் இருந்தேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன். உன்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்தான். ஆனாலும் எழுதி வைக்காமல் எனக்கு ஆறாது.

எங்கள் ஊர் விருந்தில் தனித் தட்டு இல்லை. சஹன் என்ற ஒரே பெரிய தட்டில் சோறு, அதன் மேல் இறைச்சி, கோழிப் பொரியல், கத்தரிக்காய், சம்பல், அச்சாறு. அதைச் சுற்றி ஆறு பேர். ஆறு பேரும் ஒன்றாகக் கை வைப்பார்கள், ஒன்றாகக் கை எடுப்பார்கள். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்க மற்றவர் எழும்புவது மரியாதை இல்லை. எங்கள் குடும்பத்து விசேஷங்களில் பெண்கள் பக்கம் சஹன் கணக்குப் பார்ப்பது நான்தான் என்பது உனக்குத் தெரியாததா? கணிதம் படிப்பிக்கிறவள் என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். நானும் அதை ஒரு பதவியாகவே எடுத்துக்கொண்டேன். எத்தனை சஹன் உள்ளே போனது, எத்தனை எழும்பியது, அடுத்த பந்திக்கு எத்தனை பேர் என்று ஒரு கையில் பேனையும் கொப்பியுமாக நான் போட்ட சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

உனக்கு அந்தச் சஹன் என்ன பாடுபடுத்தியது என்று அந்தக் கொப்பியில் எங்கும் இல்லை. மற்ற ஐந்து பேரும் கால் மணித்தியாலத்தில் முடித்துவிடுவார்கள். நீ இறைச்சியை ஒரு பக்கக் கடைவாயில் வைத்து, தாடை வலிக்க வலிக்க, பல் இன்னும் கொஞ்சம் தெறித்துவிடுமோ என்று பயந்து பயந்து மெல்லுவாய். ஐந்து பேரும் எச்சில் கையைச் சஹனின் விளிம்பில் வைத்தபடி காத்திருப்பார்கள். "நீ ஆறுதலாத் தின்னு புள்ள, அவசரமில்ல" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு உனக்கு ஒரு பருக்கையும் இறங்காது. மெல்லாமல் விழுங்கிவிட்டுக் கை எடுப்பாய். போகப் போக விருந்துகளுக்கு வராமல் விட்டாய். ஒரு நாள் வயிற்றுக்குச் சரியில்லை, ஒரு நாள் கால் நோகிறது, ஒரு நாள் ஒஃபிஸ் வேலை. நான் எல்லாவற்றையும் நம்பினேன்.

என் மகளின் கல்யாணத்துக்கு நீ வராமல் இருக்க முடியாதே. உன் மடியில் வளர்ந்தவள் அவள். நான் மிகவும் யோசித்து, உனக்காக ஓர் ஏற்பாடு செய்தேன். கோழியை எலும்பு நீக்கி என் கையாலேயே பிய்த்தேன், கத்தரிக்காயை மசித்தேன், சோற்றைக் கொஞ்சம் குழைய வைத்தேன். மகளுக்குக் கட்டிய வீட்டின் உள்ளறையில், பெயின்ட் வாசம் போகாத அந்த அறையில், ஒரு மேசை போட்டு, பூப்போட்ட நல்ல கோப்பையில் வைத்து மூடினேன். சஹன்கள் உள்ளே போகும்போது உன் கையைப் பிடித்து, "நீ இஞ்சால வா மச்சி, உனக்கு வேறயா வெச்சிரிக்கன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக் கூட்டிப்போனேன். பெருமையாகத்தான் சொன்னேன். அன்றைக்கு நான் செய்த வேலைகளிலேயே மிகவும் நல்லது அதுதான் என்று நினைத்தேன்.

நீ சாப்பிட்டாய். "நல்லா இரிக்கி மச்சி" என்றாய். கடைசி இனிப்பாக வட்டலப்பம் வருவதற்கு முன் வீட்டுக்குப் போய்விட்டாய்.

மூன்று கிழமை உன்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எதிர் வீடு! போன் எடுத்தால் "தலை நோகுது" என்று வைத்துவிடுவாய். நாலாவது கிழமை நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். வலது கன்னம் வீங்கிக் கண் வரை ஏறியிருந்தது. அறை முழுக்கக் கராம்பு.

"இது எத்தின நாளா?" என்று கத்தினேன்.

"அஞ்சாறு நாள். கடவாய்ப் பல்லு உடைஞ்சிட்டு."

"ஆஸ்பத்திரிக்குப் போகாம என்னத்துக்குப் படுத்துக் கிடக்காய்?"

"போய்? முந்தி ஒரு பல் டொக்டர்ட்ட போனன் தானே. தாடை முறிஞ்சா நான் பொறுப்பில்லண்டு அனுப்பினாரு." பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னாய், "ஊட்டுப் பூனைக்கும் தனிக் கோப்பைதானே மச்சி வெக்கிற."

எனக்கு முதலில் வந்தது கோபம். அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவ்வளவு பாடுபட்டுச் செய்ததற்கு இப்படியா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். உனக்காகத்தானே செய்தேன், என் மகளின் கல்யாண நாளில் நான் பட்ட வேலை உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். நான் களைத்து முடிந்ததும் மெதுவாகச் சொன்னாய்: "எலும்பு முறிஞ்சா பத்துப் பேர் பாக்க வாறாங்க கா. பல்லு உடைஞ்சா எல்லாரும் மத்தப் பக்கம் பாக்காங்க. நீயும் அண்டைக்கு மத்தப் பக்கம்தான் பாத்தாய்."

உண்மைதான். பல் கொட்டுவதை நான் உன் கவனயீனம் என்று நினைத்திருந்தேன். உனக்கு அது வெட்கம், எனக்கு அது சங்கடம், அதனால் இரண்டு பேருமாகச் சேர்ந்து அதை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். உன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். நீ வீங்கின முகத்தோடு என் முதுகைத் தடவினாய்.

அடுத்த நாள் காலையே பெரிய ஆஸ்பத்திரியின் பல் பகுதிக்குப் போனோம். அங்கே இருந்தவர் காரைதீவுப் பக்கத்து இளம் பெண் டொக்டர். எடுத்த எடுப்பில் வாயைத் திறக்கச் சொல்லாமல், "எலும்புக்கு ஏதும் மருந்து ஏத்துறாங்களா அக்கா? எத்தின வருஷமா?" என்று கேட்டார். சேலைன் மாதிரி ஏற்றும் அந்த மருந்தின் பெயரை நீ சொன்னதும் எழுதிக்கொண்டார். அந்த மருந்து எடுத்தவர்களுக்குப் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆற மாதக்கணக்கில் சுணங்கலாமாம். "எலும்பு கிளினிக் டொக்டரோட கதைச்சிட்டுத்தான் பல்லில கை வெப்பன். இப்ப வீக்கத்துக்கு மருந்து தாறன். பயப்பிடாதீங்க" என்றார். இவ்வளவு காலமும் எலும்பு டொக்டர் பல்லைக் கேட்டதில்லை, பல் டொக்டர் எலும்பு மருந்தைக் கேட்டதில்லை. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "இது உங்கட பிழையில்ல அக்கா. எலும்பு எதால கட்டினதோ பல்லின்ட உள்ளும் அதாலதான் கட்டினது. எவ்வளவு தேய்ச்சாலும் நிறம் மாறாது." நீ அந்த நாற்காலியிலேயே விம்மி அழுதாய். நாற்பது வருடம் நாலு தரம் தேய்த்தவள் அல்லவா! அவர் கையுறையைக் கழற்றிவிட்டு உன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த டொக்டரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: "நீங்க சாப்பிடக்குள்ள யாரோட இருந்து சாப்பிடுறீங்க?"

நீ என்னைப் பார்த்தாய். நான் நிலத்தைப் பார்த்தேன். "தனியத்தான்" என்றாய்.

உடைந்த பல்லைக் கிளினிக்கின் சம்மதம் வந்த பிறகு எடுத்தார். உதவிக்கு நின்ற நேர்ஸ் உன் தாடையை இரண்டு கையாலும் கீழிருந்து தாங்கிப் பிடித்திருக்க, அவசரமே இல்லாமல் எடுத்தார். தாடைக்கு ஒன்றும் ஆகவில்லை. மீதிக் கடைவாய்ப் பற்களுக்கு உறை போட்டார். முன்பல்லை என்ன செய்வது என்று கேட்டபோது நீ சொன்னாய், "முதல்ல மெல்லுறதப் பாப்பம் டொக்டர், வடிவைப் பொறகு பாப்பம்." மனநலப் பிரிவுக்கும் ஒரு துண்டு எழுதித் தந்தார். அதைப் பார்த்து "நான் என்ன விசரியா?" என்று வழியெல்லாம் என்னோடு சண்டை பிடித்தாய். ஆனாலும் போனாய். மூன்றாவது தடவை வெளியே வரும்போது உன் முந்தானைத் தலைப்பு தோளில் கிடந்தது. "ஒரு மணித்தியாலம் வாயைத் திறந்து கதைச்சன் மச்சி. அங்க இருக்கிற டொக்டர் புள்ள ஒருக்காக்கூட என்ட பல்லப் பாக்கல்ல, என்ட கண்ணைத்தான் பாத்திச்சு" என்றாய். அன்று வரும் வழியில் கல்முனைச் சந்தியில் ஐஸ்கிரீம் குடித்தோம். குளிருக்குப் பல் கூச நீ துள்ளியதும், அதற்கும் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறதா?

அந்த வருடம் உன் காக்காவின் மகனுக்குச் சுன்னத்துக் கல்யாணம். நான் கொப்பியோடு நின்றேன். நீ யாரிடமும் கேட்காமல், கீழே மடக்கி உட்கார முடியாத கால்களுக்கென்று வைத்திருந்த உன் சின்ன ஸ்டூலை இழுத்துப்போட்டு, ஐந்து பெண்களோடு ஒரு சஹனில் போய் உட்கார்ந்தாய். கைப்பையைத் திறந்தாய், நீலப் பிடிக் கத்தரிக்கோலை எடுத்தாய், "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி இறைச்சியை நறுக்கத் தொடங்கினாய். சஹனைச் சுற்றியிருந்த ஐந்து பேரும் கத்தரிக்கோலையே பார்த்தார்கள். யாராவது ஏதும் சொல்லிவிட்டால் நீ திரும்ப உள்ளறைக்குள் போய்விடுவாய் என்று பயந்தேன். வாயில் மூன்றே பல் மிஞ்சியிருந்த கோடிவீட்டு மாமிதான் முதலில் கதைத்தார்: "எனக்கும் ஒரு துண்டு அப்பிடி வெட்டு புள்ள. நானும் எத்தின கல்யாணத்தில சும்மா சாறை மட்டும் உறிஞ்சிட்டு வாறன்."

பிறகென்ன? பல் கட்டியது பொருந்தாத ஒருத்தி, கடைவாய்ப் பல் பிடுங்கி இரண்டு நாளே ஆன இன்னொருத்தி என்று ஒவ்வொரு சஹனிலிருந்தும் உன்னிடம் துண்டுகள் வந்தன. இத்தனை பேர் இத்தனை காலமாக மெல்லாமல் விழுங்கியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மற்றச் சஹன்கள் எல்லாம் எழும்பிவிட்டன. உன்னுடையது மட்டும் எழும்பவில்லை. வாசலில் அடுத்த பந்தி நின்றது. என் பழைய புத்தி எங்கே போகும்? "மச்சி, ஆக்கள் காத்து நிக்காங்க கா!" என்று கத்தினேன்.

நீ வாய் நிறையச் சோற்றோடு நிமிர்ந்தாய். "நிக்கட்டும். நாங்க இன்னும் மென்டு முடியல்ல" என்றாய். பிறகு சிரித்தாய், மச்சி. தலைப்பும் இல்லை, கையும் இல்லை. அந்தப் பிளேன்டீ நிறப் பற்கள் அத்தனையும் தெரிய, கல்யாண வீடே திரும்பிப் பார்க்கச் சிரித்தாய். நான் உன்னை அவ்வளவு அழகாக அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன் பிறகு நாலு வருடம் உனக்குக் கிடைத்தது. விருந்துக்கு விருந்து "கத்தரிக்கோல் சஹன்" என்று ஒன்று தனியாக எண்ணினேன். அதற்கு எப்போதும் இடம் பற்றாது. போன மாரியில் உனக்கு நெஞ்சுச் சளி பிடித்தது. ஒடுங்கிய நெஞ்சுக்கு மூச்சு எடுக்க இயலவில்லை. கடைசிக்கு முதல் நாள் நான் ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கஞ்சி கொண்டு வந்தேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டு நீ என் கையைத் தள்ளினாய். வேண்டாமாக்கும் என்று நினைத்தேன். நீ கரண்டியை என் பக்கம் திருப்பி, "நீயும் ஒரு வாய் எடு" என்றாய். ஒரே கோப்பையில் உனக்கொன்று எனக்கொன்றாகக் குடித்து முடித்தோம். அதுதான் நாம் சேர்ந்து சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நிந்தவூர்க் கல்யாணத்தில் எனக்குக் கொப்பி இல்லை, நான் வெறும் விருந்தாளி. முன்பின் தெரியாத ஐந்து பேரோடு சஹனில் உட்கார்ந்தேன். உன் கத்தரிக்கோலால் இறைச்சியை நறுக்கி நடுவில் வைத்தேன். எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எடுத்துச் சாப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் என் பங்கு முடிந்துவிட்டது, நான் தின்னும் வேகம் உனக்குத் தெரியும்தானே. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையை விளிம்பில் வைத்தார்கள். எனக்கு நேரே இருந்த ஒரு பெண் மட்டும் இன்னும் மென்றுகொண்டிருந்தாள். எங்கள் கைகளைப் பார்த்தாள். முந்தானைத் தலைப்பை இழுத்து வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு அவசரமாக விழுங்கப் போனாள்.

நான் விளிம்பிலிருந்து கையை எடுத்துத் திரும்பச் சோற்றில் வைத்தேன். வயிற்றில் இடமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பருக்கையாக எடுத்து, மென்று, மென்று, அவள் பக்கமே பாராமல் சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளுடைய தோள் தளர்ந்தது. தலைப்பு இறங்கியது.

"உங்களுக்கும் சுணங்குமா ராத்தா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஓம் புள்ள," என்றேன், "எனக்கு எப்பவும் கொஞ்சம் நேரம் எடுக்கும்."

உன் மச்சி சொன்ன அந்தப் பொய்யைக் கேட்டு நீ இருக்கும் இடத்தில் வாய் விட்டுச் சிரித்திருப்பாய். அல்லாஹ் நீ உறங்கும் கபுறை விசாலமாக்கி வைக்கட்டும். அவள் கடைசித் துண்டை மென்று முடித்துக் கை எடுத்த பிறகுதான் நான் கை எடுத்தேன்.